முன்நெற்றியில் முடி வெட்டி விடலாமா? அதுவும் வீட்டிலேயே?

கேள்வி: 2024 பிப்ரவரி 18

வயது 34. நெற்றி அகலம். கல்லூரியில் ‘கிரவுண்டு’ என்றே கூப்பிடுவார்கள். கொரியன் தொடர் பார்த்துப் பார்த்து, நெற்றியில் விழும்படி முன்முடியைக் குட்டையாக வெட்டிவிடும் பேங்ஸ் ஆசை வந்துவிட்டது. அலை அலையான முடி, சென்னை வாசம். பார்லருக்குப் போனால் ஸ்பா, ஸ்ட்ரெய்ட்னிங் என்று தலை முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். எனக்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டிலேயே வெட்டிக்கொள்ள முடியுமா? வெட்டியவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பிப்ரவரி 18, இரவு 10:40

இன்று இரவு வெட்டாதீர்கள். மற்றதை நாளை பேசிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 19

சரி, காரணம் சொல்கிறேன்.

2021 மே, ஊரடங்கு. பார்லர்கள் மூடிக் கிடந்தன. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள், ஈரத்தலையோடு குளியலறைக் கண்ணாடி முன் நின்று பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தேன். முன்முடியை ஒரு கொத்தாகப் பிடித்து, சீப்பால் இழுத்து, புருவத்துக்கு நேராக ஒரே வெட்டு. ஈரம் இருந்தவரை அழகாகத்தான் இருந்தது. காயக் காய மேலே ஏறியது. புருவத்தில் இருந்தது நெற்றி நடுவில் போய் நின்றது. இடப்பக்கம் நீளமாகத் தெரிகிறதே என்று அதைக் கொஞ்சம் வெட்டினேன். அப்புறம் வலப்பக்கம் நீளமாகத் தெரிந்தது. பூனைகளுக்கு அப்பம் பங்கு போட்ட குரங்கு கதைதான். அன்றைக்குக் குரங்கும் நான், பூனைகளும் நான். அப்பம் தீர்ந்தபோது மணி பன்னிரண்டே கால்.

மறுநாள் காலை வீடியோ காலில் அம்மா, போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “கோயிலெல்லாம் பூட்டிக் கெடக்கே, பூமுடி எங்கடி குடுத்தே?” என்றாள். வெள்ளிக்கிழமை, அதுவும் விளக்கு வைத்த பிறகு வெட்டினேன் என்று தெரிந்ததும் வேறு கச்சேரி.

அதனால்தான் இரவில் வெட்டாதீர்கள் என்றேன். சாஸ்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும். ட்யூப்லைட் தலைக்கு மேலிருந்து அடிக்கும்போது முன்முடியின் நிழல் நெற்றியில் விழும். எது முடி, எது நிழல் என்று தெரியாமல் நான் பாதி நேரம் நிழலைத்தான் நேராக்கிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 20

‘காய்ந்ததும் ஏறியது’ என்றால் எவ்வளவு ஏறும் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியைப் பொறுத்தது. முடியின் புரதத்துக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்கின்றன. நனைந்தால் அவை விட்டுக்கொடுக்கும், காய்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈரமுடி ரப்பர் போல இழுபடுவது இதனால்தான். ஈரத்தில் எந்த வடிவில் கிடந்து காய்கிறதோ அந்த வடிவிலேயே நிற்பதும் இதனால்தான்.

வெட்டாமலே அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. முன்னாலிருந்து ஒரு மெல்லிய கற்றையை ஈரமாக இருக்கும்போது முகத்தின் மேல் தொங்கவிட்டு, அது புருவத்திலிருந்து முனை வரை எவ்வளவு நீளம் என்று ஸ்கேலால் அளந்து வையுங்கள். காய்ந்ததும் அதே கற்றையை மறுபடி அளங்கள். எனக்கு இரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசம். என் முடி அலைமுடி, சுருட்டை கூட இல்லை. சுருட்டைமுடிக்காரர்கள் அளந்தால் பயந்துவிடுவார்கள். அதனால் ஈரத்தில் வெட்டவே கூடாது.

இதை 2021 மே மாதத்திலேயே செய்திருக்கலாம்.

பிப்ரவரி 22

திருத்தம். ‘ஈரத்தில் வெட்டவே கூடாது’ என்று நான் சொன்னதற்குக் கோரைமுடிக்காரர்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பார்லரில் தண்ணீர் தெளித்துத்தானே வெட்டுகிறார்கள்? கோரைமுடி காய்ந்தாலும் அதிகம் ஏறாது. ஈரத்தில் கோடு நேராகவும் விழும். தினம் முப்பது தலை பார்க்கும் கைக்கு எந்த முடி எவ்வளவு ஏறும் என்ற கணக்கும் தெரியும். நம் கைக்கு ஒரே ஒரு தலைதான் பழக்கம், அதுவும் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும் தலை.

ஆகவே: கோரைமுடி என்றால் லேசான ஈரத்தில் வெட்டலாம். மற்றவர்கள் நன்றாகக் காய்ந்த பிறகுதான். கேள்வி கேட்டவருக்கு அலைமுடி. காய்ந்த பிறகு.

பிப்ரவரி 25

பொருந்துமா என்ற கேள்விக்கு யாருமே சரியாகப் பதில் சொல்லவில்லை, என்னையும் சேர்த்துத்தான். வட்ட முகத்துக்கு இது, நீள முகத்துக்கு அது என்று படம் போட்ட அட்டவணைகள் நிறைய சுற்றுகின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. கண்ணாடி முன் நின்றால் என் முகம் காலையில் வட்டம், சாயங்காலம் நீளம்.

நான் முதலில் பார்ப்பது சுழியை. மாட்டுச் சந்தையில் சுழி பார்த்துத்தானே மாடு பிடிப்பார்கள்? இதுவும் அப்படித்தான். உச்சிச் சுழியால் தொந்தரவில்லை. நெற்றி ஓரத்தில், முடி முளைக்கும் கோட்டிலேயே ஒரு சுழி சிலருக்கு இருக்கும். முடி நீளமாக இருக்கும்வரை அதன் எடையே சுழியை அமுக்கி வைத்திருக்கும், இருப்பதே தெரியாது. குட்டையாக வெட்டினீர்களோ, எடை போய்விடும், அந்த இடத்தில் முடி எழும்பி இரண்டாகப் பிளந்து நிற்கும். சீப்பு, எண்ணெய், சாமி எதற்கும் அடங்காது.

கண்டுபிடிப்பது சுலபம். தலைக்குக் குளித்ததும் முன்முடியை முழுவதுமாக முகத்தின் மேல் போட்டுக்கொண்டு, சீப்பு படாமல், தலையை மெல்ல ஆட்டுங்கள். வேர்ப்பகுதியில் முடி தானாக எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அதுதான் அதன் சொந்த வழி. நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் ஓடினால் நேர்க்கோட்டு பேங்ஸ் வேண்டாம். நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் திரை போல விழும் கர்ட்டன் பேங்ஸ் உங்களுக்கு வரும், ஏனென்றால் முடி ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் சாய்வாக வெட்டி விடுங்கள்.

எனக்கு இடப்புருவத்துக்கு மேலே ஒரு சுழி. முதல் தடவை வெட்டியபோது இடப்பக்கம் எவ்வளவு வெட்டியும் கோடு சேராததற்கு இதுதான் காரணம் என்று தெரிய எனக்கு ஏழெட்டு மாதம் ஆயிற்று. அதுவரை கத்தரிக்கோலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சோதனை, மூன்று நாள் வேஷம். உயரமாக ஒரு போனிடெயில் போட்டு, அதன் நுனியை முன்பக்கம் கவிழ்த்து நெற்றியில் விட்டு, மேலே நாலு பின் குத்துங்கள். பொய் பேங்ஸ். அதோடு ஒரு நாள் சமையல், ஒரு நாள் ஆபீஸ், ஒரு நாள் ஹெல்மெட். கண்ணாடியில் அழகாக இருக்கிறதா என்பது கிடக்கட்டும், நெற்றியில் முடி உரசுவதை உங்களால் தாங்க முடிகிறதா? தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டு பதில் சொல்லுங்கள்.

பிப்ரவரி 26

இல்லை, ரெட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்பதற்கும் பேங்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. எங்கள் சின்ன மாமாவுக்கு ரெட்டைச் சுழி. ஒரு கல்யாணமே அவருக்குத் தாங்கவில்லை.

மார்ச் 3

‘இதெல்லாம் கொரியாக்காரர்கள் கொண்டுவந்தது’ என்று ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். அவருடைய பாட்டியைக் கேட்கச் சொல்லுங்கள். ‘சாதனா கட்’ என்று சொன்னாலே அவருக்கு முகம் மலரும். இந்தி நடிகை சாதனா ‘லவ் இன் சிம்லா’ படத்தில் நெற்றி மறைய முடி வெட்டிக்கொண்டு வந்தது 1960இல். அவருக்கு நெற்றி அகலம், திரையில் அதைக் குறைத்துக் காட்ட வேண்டும். ஆட்ரி ஹெப்பர்னின் முடியைப் போல வெட்டிப் பார்க்கலாம் என்று இயக்குநர் ஆர்.கே. நய்யார் முடிவு செய்தார். கேள்வி கேட்டவரே, உங்கள் ‘கிரவுண்டு’ பிரச்சினைதான், அறுபது வருடத்துக்கு முந்தையது. அதன்பிறகு நாடு முழுக்கப் பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லியே வெட்டிக்கொண்டார்கள்.

எங்கள் பெரியத்தையின் கல்லூரிப் படம் ஒன்று இருக்கிறது. கறுப்பு வெள்ளை, ஸ்டூடியோவில் எடுத்தது. பட்டுப்புடவை, ரெட்டை வடம் சங்கிலி, நெற்றியில் கூரை இறவாரம் போல சாதனா கட். யார் வெட்டிவிட்டது என்று கேட்டேன். “யாரு வெட்டுவா? நானும் கமலியும் மொட்டமாடியில ஒருத்திக்கொருத்தி வெட்டிக்கிட்டோம். தாத்தா ஒரு மாசம் பேசல.” ஆக, வீட்டிலேயே வெட்டுவது எங்கள் குடும்பத்தில் இரண்டாம் தலைமுறை.

ஆனால் எதிர்க்கட்சிக்கும் பழைய ஆதாரம் இருக்கிறது. சங்கப் பாட்டைத் திறந்தால் ஒண்ணுதல், வாள்நுதல், நன்னுதல் என்று நெற்றியைத்தான் கொண்டாடுகிறார்கள். காதலன் பிரிந்து போனால் பசலை படர்வதும் நெற்றியில். நெற்றியை மூடிவிட்டால் தோழி எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பாள்? (அதுவே பேங்ஸ் வெட்டிக்கொள்ள நல்ல காரணம் என்று என் தங்கை சொல்கிறாள்.)

இன்னொன்று. பேங்ஸ் என்ற சொல் குதிரை லாயத்திலிருந்து வந்தது என்று சொல்வார்கள். வாலை அடியில் சதுரமாக நறுக்கி விட்ட குதிரைக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. பின்னால் போனிடெயில், முன்னால் பேங்ஸ். நடுவில் நாம்.

மார்ச் 9

முறையை எழுதச் சொல்லி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நான் இப்போது எப்படிச் செய்கிறேனோ அதையே எழுதுகிறேன். மூன்று வருடமாக என் தலையில் மட்டும் பழகியது, அவ்வளவுதான் தகுதி.

முதல் நாள் எண்ணெய் கிடையாது. காலையில் தலைக்குக் குளித்து, தினமும் எப்படிக் காயவிடுவேனோ அப்படியே காயவிடுவேன். வெட்டும் நாளுக்கென்று ஸ்ட்ரெய்ட்னர் போட்டு நேராக்கினால், மறுநாள் அலை திரும்பி வரும்போது அரை அங்குலம் காணாமல் போயிருக்கும். பகல் பதினோரு மணி போல, ஜன்னலைப் பார்த்து உட்காருவேன், கண்ணாடி கண் மட்டத்தில். கையில் பிடித்த கண்ணாடி உதவாது, இரண்டு கையும் வேண்டும்.

அப்புறம் எவ்வளவு முடி எடுப்பது என்பது. முதல் தடவை நான் வெட்டியது காதிலிருந்து காது வரை. அது பேங்ஸ் இல்லை, தேங்காய்மூடி. சரியான வழி முக்கோணம். சீப்பைத் தலை உச்சியில் படுக்கை வசத்தில் வையுங்கள். மண்டை முன்னால் வளைந்து இறங்கும் இடத்தில் சீப்பு தலையை விட்டு விலகும். விலகும் அந்தப் புள்ளிதான் முக்கோணத்தின் முனை, பெரும்பாலும் முடி தொடங்கும் இடத்திலிருந்து மூன்று விரல்கடைக்குள் இருக்கும். அங்கிருந்து இரண்டு புருவங்களின் வெளி முனைகளை நோக்கி வகிடு இழுங்கள். நடுவில் இருப்பதுதான் வெட்டவேண்டியது. மீதியை ரப்பர்பேண்டு போட்டுப் பின்னால் கட்டிவிடுங்கள், ஒரு மயிரிழை கூட எட்டிப் பார்க்கக் கூடாது. புருவத்தைத் தாண்டிப் பக்கத்து முடியைத் தொட்டால் அது திரும்பச் சடைக்குள் வர ஒரு வருடம் ஆகும்.

முதல் தடவை என்றால் அந்த முக்கோணத்திலும் பாதிதான் எடுங்கள். மெல்லியதாக இருக்கிறதே என்று தோன்றினால் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

நீளம். புருவத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் மூக்குத்தண்டின் நடுவில் முதல் வெட்டு. கர்ட்டன் பேங்ஸ் என்றால் மூக்கு நுனியில். இரண்டு விரலுக்கு நடுவில் முடியைச் சும்மா பிடிக்க வேண்டும், இழுக்கக் கூடாது. கத்தரிக்கோலைக் குறுக்கே வைத்து ‘நறுக்’ என்று வெட்டினால் கோடு விழும், கோட்டில் ஒவ்வொரு பிசகும் தெரியும். கத்தரிக்கோல் முனை மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்திப் பிடித்து, நுனியில் மூன்று நாலு மில்லிமீட்டர் மட்டும் கொத்திக் கொத்தி எடுங்கள். எலி கொறித்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கும், ஆகாது. முனை ஒரே அளவாக இல்லாததால்தான் பிசகு மறைகிறது.

கர்ட்டனுக்கு ஒரு சின்னத் தந்திரம். இரண்டு பக்கத்து முடியையும் மூக்குக்கு நேராக நடுவில் கொண்டுவந்து சேர்த்துப் பிடித்து, ஒரே இடத்தில் வெட்ட வேண்டும். ஓரத்து முடி அவ்வளவு தூரம் நடந்து நடுவுக்கு வந்திருப்பதால், திரும்பித் தன் இடத்துக்குப் போனதும் அது நீளமாக இருக்கும். நடுவில் குட்டை, ஓரத்தில் நீளம், கன்னத்தில் தானாகச் சரியும். கோணம் எல்லாம் பார்க்கத் தேவையில்லை.

சுருட்டைமுடிக்கு இந்தக் கொத்தாகப் பிடிக்கும் வேலையே வேண்டாம். ஒவ்வொரு சுருளாகத் தனித்தனியே, இயல்பாகத் தொங்கும் இடத்தில் நுனியை மட்டும் எடுங்கள்.

ஒவ்வொரு முறை வெட்டியதும் விட்டுவிட்டு, தலையை உதறி, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். தண்ணீர் குடிக்கப் போவதைக் கேலிக்குச் சொல்லவில்லை. கண்ணாடி முன்னாலேயே உட்கார்ந்திருந்தால் கை சும்மா இருக்காது.

கத்தரிக்கோல் முக்கியம். முடி வெட்டுவதற்கென்றே இருக்கும் ஐந்தரை அங்குலக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கினேன். மொக்கைக் கத்தரிக்கோல் முடியை வெட்டாது, மடக்கி நசுக்கும். நுனி பிளந்துபோகும். ஒன்றே ஒன்றுதான் விதி: அந்தக் கத்தரிக்கோலால் முடியைத் தவிர எதையும் வெட்டக் கூடாது. காகிதம், நூல், பால் பாக்கெட், எதுவும். பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 10

ஒன்று விட்டுப்போயிற்று. கண்ணாடி பார்க்கும்போது புருவத்தைத் தூக்கும் பழக்கம் பெரும்பாலோருக்கு உண்டு. நமக்கே தெரியாது. தூக்கிய புருவத்துக்கு நேராக வெட்டிவிட்டு முகத்தைத் தளர்த்தினால் புருவம் கீழே, முடி மேலே. வெட்டும்போது வாயில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருங்கள், முகம் தளர்ந்திருக்கும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதைப் போட்டுக்கொண்டு ஒரு முறை நீளம் பாருங்கள். ஃப்ரேமின் மேல் விளிம்பில் முடி இடித்தால் துள்ளி வளைந்து நிற்கும். ஒன்று அதற்கு மேலே நிற்க வேண்டும், அல்லது இரண்டு பக்கமும் ஒதுங்க வேண்டும்.

முடியை ஒரு முறுக்கு முறுக்கி ஒரே வெட்டில் கர்ட்டன் வரவைக்கும் வீடியோக்கள்: நானும் செய்தேன். ஒரு தடவை அருமையாக வந்தது. அடுத்த தடவை முறுக்கு ஒன்று கூடிவிட்டது, ஒரு பக்கம் கன்னம், ஒரு பக்கம் காது. சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான். வேண்டாம்.

மார்ச் 24

கேள்வி கேட்டவர் வெட்டிவிட்டார்! படத்தைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை. வலப்பக்கம் நாலைந்து இழை நீளமாக இருப்பதாகச் சொல்கிறீர்கள். கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். இரண்டு தடவை தலைக்குக் குளிக்கும்வரை தொடாதீர்கள். புதிதாக வெட்டிய முடி பழைய இடத்தை நினைத்துக்கொண்டு நாலைந்து நாள் முரண்டு பிடிக்கும். அதற்குப் பிறகும் நீளமாகவே இருந்தால் அந்த நாலைந்து இழையை மட்டும்.

முடி மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். மூன்று வாரத்தில் கண்ணில் குத்தத் தொடங்கும். அப்போது எப்படியும் வெட்டத்தானே போகிறீர்கள்?

மே 6

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்று நாள். பிப்ரவரியில் நான் எழுதியதையெல்லாம் இப்போது படித்தால், எழுதியது யாரோ ஊட்டிக்காரி என்று தோன்றுகிறது.

வண்டியில் ஆபீஸ் போய் ஹெல்மெட்டைக் கழற்றினால் முன்முடி நெற்றியில் கோந்து போட்டு ஒட்டியது போலக் கிடக்கிறது. வியர்வை மட்டும் இல்லை. நெற்றியில் எண்ணெய்ப் பசை அதிகம், அதை முன்முடி நாள் முழுக்க உறிஞ்சுகிறது. பின்னால் சடை சுத்தமாக இருக்கும், முன்னால் மட்டும் நாலு நாள் குளிக்காத தலை.

எனக்குக் கைகொடுப்பது வாஷ்பேசின். மீதி முடியைக் கட்டிவிட்டு, முன்முடியை மட்டும் குழாயடியில் நீட்டி ஒரு சொட்டு ஷாம்பு. மூன்று நிமிடம். தினம் தலைக்குக் குளித்தால் முடி போய்விடும் என்ற கவலையும் இல்லை. அலசியதும் உடனே, தண்ணீர் சொட்டும்போதே, ட்ரையரை மேலிருந்து கீழ்நோக்கிப் பிடித்து, முன்முடியைச் சீப்பால் ஒரு தடவை இடப்பக்கம், ஒரு தடவை வலப்பக்கம் என்று நெற்றியோடு ஒட்டி வாரிக் காயவைக்கிறேன். சுழிக்காரர்களுக்கு இது ஒன்றுதான் மருந்து. வேர் காய்ந்த பிறகு ட்ரையர் பிடித்துப் பயனில்லை, சுழி ஜெயித்திருக்கும்.

நெற்றியில் பருக்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்து முன்முடியை அப்படியே நெற்றியில் படியவிட்டுத் தூங்கினால் வரும். தோல் மருத்துவர்கள் இதற்கு ‘பொமேட் ஆக்னி’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். எண்ணெய் வைப்பதை நான் விடவில்லை, அம்மா விடவும் மாட்டாள். காதுக்குப் பின்னால் மட்டும் வைக்கிறேன். ராத்திரி முன்முடியைச் சுருட்டி உச்சியில் ஒரு கிளிப்.

இந்த மாதம் பாதி நாள் முன்முடியைப் பின் குத்தி மேலே ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்புறம் எதற்கு வெட்டினாய் என்று கேட்காதீர்கள்.

மே 7

டால்கம் பவுடர் போட்டால் எண்ணெய் உறிஞ்சும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உறிஞ்சும். ஆனால் கறுப்பு முடியில் நரை போலத் தெரியும். 41 வயதில் அதற்குப் பவுடர் தேவையில்லை, தானாகவே வருகிறது.

பொட்டு பற்றிக் கேட்டவருக்கு: ஸ்டிக்கர் பொட்டின் பசையில் முடி ஒட்டிக்கொள்ளும், பொட்டே முடியோடு ஊசலாடும். புருவமத்தியில் சின்னதாக வைத்தால் தப்பிக்கலாம். கோயிலில் குருக்கள் குங்குமத்தட்டை நீட்டினால் ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுக்க வேண்டும். திரையைத் தூக்கிச் சாமி பார்ப்பது போல இருக்கும்.

ஜூலை 14

இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

அந்த ஊரடங்கு ராத்திரி நான் ஏதோ சலிப்பில் வெட்டினேன் என்பது போல மேலே எழுதியிருக்கிறேன். பாதி உண்மை. பையன் பிறந்தது 2016இல். மூன்றாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பிரசவத்துக்குப் பிறகு அது சகஜம், பெரும்பாலும் தானே திரும்ப வந்துவிடும். எனக்கும் வந்தது, நெற்றி ஓரம் முழுக்கக் குட்டிக் குட்டியாக. ஆனால் கைக்குழந்தை முடியைப் பிடித்து இழுக்கிறான் என்று நாள் முழுக்க இறுக்கி உச்சியில் போனிடெயில் போடப் பழகி, அது பல வருடப் பழக்கமாகிவிட்டது. இரண்டு பொட்டுப்பக்கமும் நெற்றி மெல்ல ஏறியது. ஒரு கல்யாண ஆல்பத்தில்தான் அதைக் கவனித்தேன். பேங்ஸ் வெட்டியது அதை மூடத்தான்.

மூடியது, மறைந்தது. மூடியதாலேயே மேலும் இரண்டு வருடம் யாரிடமும் காட்டவில்லை. ‘நெற்றி அகலம்’ என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது: எப்போதும் அகலமா, இப்போது அகலமாகிக்கொண்டு வருகிறதா? பத்து வருடத்துக்கு முந்தைய படத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். எனக்கு ‘டிராக்ஷன் அலோபீசியா’ என்றார். இறுக்கிக் கட்டிக் கட்டி வேர் தளர்ந்துபோவது. ஆரம்பத்திலேயே இறுக்கத்தை விட்டிருந்தால் முழுதாகத் திரும்பியிருக்கும். எனக்கு வலப்பக்கம் வந்தது, இடப்பக்கம் பாதிதான்.

பிரசவமாகி ஒரு வருடம் ஆகாதவர்கள் வெட்டாதீர்கள் என்பேன். ஓரத்தில் முளைக்கும் குட்டிமுடியே இலவச பேங்ஸ். அதையும் சேர்த்து வெட்டிச் சமப்படுத்தப் பார்த்தால் பிரஷ் போல நட்டுக்கொண்டு நிற்கும். மெலிந்த முடிக்காரர்கள் முக்கோணத்தைப் பின்னால் இழுக்கவும் வேண்டாம். முன்னால் அடர்த்தி காட்ட உச்சியிலிருந்து கடன் வாங்கினால் உச்சி தெரியும்.

ஜூலை 15

ஆறுதல் சொன்னவர்களுக்கு: அழுதுகொண்டு எழுதவில்லை, தோசை வார்த்துக்கொண்டு எழுதினேன்.

செப்டம்பர் 22

கேள்வி கேட்டவருக்கு அலுத்துவிட்டதாம், வளர்த்துவிடப் போகிறாராம். ஆறு மாதம் தாக்குப்பிடித்ததே பெரிது. புருவத்திலிருந்து மோவாய் வரை 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு மாதக் கணக்கு. நடுவில் மூக்கு நீளத்தில் ஒரு கட்டம் வரும். காதுக்குப் பின்னால் நிற்காது, கண்ணை விட்டும் போகாது. அங்கேதான் எல்லோரும் மறுபடி கத்தரிக்கோலை எடுக்கிறார்கள். எடுக்காமல், ஓரத்தை மட்டும் சரித்துவிட்டு கர்ட்டனாக மாற்றிக்கொண்டால் அந்தக் கட்டம் கடந்துவிடும். பக்கவாட்டில் முறுக்கிப் பின் குத்தலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருக்கிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் வளர்க்கவில்லை. ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது மூடுவதற்கு அவ்வளவாக ஒன்றுமில்லை.

நவம்பர் 17

மழைக்காலக் குறிப்பு, சுருக்கமாக. காற்றில் ஈரம் இருந்தால் அதே ஹைட்ரஜன் பிணைப்புச் சங்கதிதான். குளிக்காமலேயே முடி நனைந்தது போல நடந்துகொள்ளும். காலையில் சுருட்டி வைத்த ரோலரைக் கழற்றி, வேளச்சேரி சிக்னல் தாண்டுவதற்குள் எல்லாம் பழைய அலை. இந்த இரண்டு மாதம் அலையாகவே விட்டுவிடுங்கள், ஒரு விரல்கடை நீளம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் சீப்புப் பல் போல இருக்கும் கத்தரிக்கோலால் அடர்த்தி குறைக்கலாமா என்று கேட்டவருக்கு: அலைமுடியில் வேண்டாம். உள்ளே குட்டை குட்டையாக நறுக்கிய முடி எல்லாம் இந்த ஈரத்தில் சிலிர்த்துக்கொண்டு வெளியே வரும்.

டிசம்பர் 8

இன்று ஞாயிற்றுக்கிழமை. தலைக்குக் குளித்து, காயவைத்து, பதினோரு மணிக்கு ஜன்னல் பக்கம் ஸ்டூலைப் போட்டுவிட்டு பீரோவைத் திறந்தால் கத்தரிக்கோலைக் காணோம். பையனுக்கு நாளைக்கு அறிவியல் பிராஜெக்ட். கூடத்தில் சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் பரப்பி உட்கார்ந்திருக்கிறான். கையில் என் ஐந்தரை அங்குலம். அலகு இரண்டிலும் செல்லோடேப் பசை, அதில் தெர்மாகோல் மணிகள்.

“அம்மா, இது மட்டும்தான் நல்லா வெட்டுது” என்றான்.

நாளை ஆபீஸுக்குப் பின் குத்திக்கொண்டுதான் போகிறேன்.